விரலா? வெயிலா?

வலிக்கிற இடத்தை விரல் தானாகவே தேடிச் செல்லும். அதற்கு ஆசான் தேவையில்லை, ஏடும் தேவையில்லை. தலை நொந்தால் கை நெற்றிப்பொட்டுக்குப் போகிறது. நெடுநேரம் படித்துக் கண் களைத்தால், மூக்கின் மேல்தண்டை இரு விரல்கள் பற்றிப் பிடிக்கின்றன. நடந்து நடந்து கால் கடுத்தவன், திண்ணையில் அமர்ந்ததும் முதலில் செய்வது ஆடுசதையை அமுக்கிக் கொள்வதுதான். மனிதன் மருந்தைக் கண்டுபிடிக்கு முன்னரே தன் கையைக் கண்டுபிடித்துவிட்டான்!

அந்த எளிய செயலை முறையாக வகுத்து, உடலெங்கும் புள்ளிகளைக் குறித்து, புள்ளிக்குப் பெயரிட்டு, பெயருக்குப் பொருளும் தந்து, ஏட்டில் ஏற்றி வைத்தவர்கள் சீனர்கள். இன்று அக்குபிரஷர் என்ற பெயரால் உலகெங்கும் உலவுவது அதுதான். அவர்கள் உழைப்பைப் பாராட்ட எனக்குத் தயக்கமில்லை. ஆனால் பாராட்டு வேறு, பணிவு வேறு. பயன் வேறு, பக்தி வேறு. இந்த வேறுபாட்டை மறந்தால் விளைவது என்ன என்பதைக் காட்டவே எழுதுகிறேன். காட்டப் போவது சீன நாட்டுப் பள்ளிக்கூடத்தை. பேசப் போவது அங்கே படிக்கும் பிள்ளைகளின் கண்ணைப் பற்றி.

முதலில் பெருமையைப் பேசிவிடுவோம். சிறுமையைப் பேச வருகிறவன், பெருமையை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

ஹுனான் மாநிலத்துச் சாங்சா நகரருகே மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973இல் திறந்தனர். உள்ளே பட்டுத் துணியில் ஓர் ஓவியம் கிடந்தது. அதில் 44 உருவங்கள். ஆணும் பெண்ணும், முதியவரும் இளையவரும் கையை நீட்டியும், இடுப்பை வளைத்தும், உடற்பயிற்சி செய்கின்றனர். தன் உடலைத் தானே பேணிக் கொள்ளலாம் என்ற எண்ணம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வேரூன்றியிருந்தது என்பதற்கு அந்தப் பட்டுத் துணியே பட்டயம்!

புள்ளிகளை அளக்க அவர்கள் வகுத்த அளவுகோலைப் பாருங்கள். அதன் பெயர் சுன். ஒருவருடைய கட்டைவிரலின் அகலமே அவருக்கு ஒரு சுன். குழந்தையின் உடலை அளக்கக் குழந்தையின் விரல். மல்லனின் உடலை அளக்க மல்லனின் விரல். அரசனுக்கு ஓர் அளவு, ஆண்டிக்கு ஓர் அளவு என்று பேதம் பாராட்டாது, அவரவர் உடலுக்கு அவரவர் கையே அளவு என்றனர். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவோ என்ற மருத்துவர் இன்னும் ஒரு படி முன்னே போனார். நோயாளியின் உடலை அழுத்திப் பார். எந்த இடத்தில் அவன் ‘ஆ! அங்கேதான்!’ என்கிறானோ, அதுவே புள்ளி என்றார். அந்தப் புள்ளிகளுக்கு ‘ஆ-ஷி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஏட்டைப் பார்க்காதே, எதிரில் இருப்பவனைக் கேள் என்று சொன்ன அந்த உள்ளம், அறிவாளியின் உள்ளம்!

தேர்வில் தேறிய புள்ளியும் உண்டு. மணிக்கட்டின் மடிப்பிலிருந்து இரண்டு சுன் மேலே, இரு நரம்புகள் போல் புடைத்துத் தெரியும் தசைநாண்களுக்கு இடையே இருப்பது நெய்குவான் என்ற புள்ளி. அறுவை மருத்துவத்துக்குப் பின் வரும் குமட்டலையும் வாந்தியையும் அந்த இடத்தைத் தூண்டுவதால் குறைக்க முடியும் என்று, பல ஆய்வுகளை ஒருங்கே எடைபோட்ட மருத்துவ அறிஞர்கள் 2015இல் எழுதினர். நல்லது. ஏற்போம். சீனத்திலிருந்து வந்தது என்பதற்காக ஏற்கவில்லை. பழையது என்பதற்காகவும் ஏற்கவில்லை. சோதித்தார்கள், நின்றது, ஆகவே ஏற்கிறோம்.

இந்த ஒரே உரைகல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூட வாயிலில் நுழைவோம்.

ஆண்டு 1963. சீனத்துப் பள்ளிகளில் புதியதோர் ஏற்பாடு புகுந்தது. கண்காப்புப் பயிற்சி என்று பெயர். பாடத்துக்கு இடையே மணி அடிக்கும். ஒலிபெருக்கியில் இசை எழும். இசையோடு எண்ணிக்கை வரும். பிள்ளைகள் புத்தகத்தை மூடுவர், கண்ணையும் மூடுவர். பிறகு விரல்கள் புறப்படும். புருவத்தின் உள்முனை, கண்ணின் உட்கோடி, கன்னத்து எலும்பின் மேடு, நெற்றிப்பொட்டு என்று ஒவ்வோர் இடமாக எட்டு எட்டாக எண்ணி அழுத்த வேண்டும். முற்பகலில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிடம். ஒழுங்காகச் செய்கிறார்களா, எவனாவது ஓரக்கண்ணைத் திறந்து பார்க்கிறானா என்று மேற்பார்வை பார்க்க மாணவர்களிலேயே சிலர்! 2008இல் இதைத் திருத்தி அமைத்தனர். காதுமடலின் தொங்குநுனியைப் பிசைவதும், கால்விரல்களால் தரையைப் பற்றுவதும் அப்போது சேர்ந்தன. இசை மாறியது, அசைவு மாறியது. நம்பிக்கை மட்டும் மாறவில்லை. விரலால் அழுத்தினால் விழி காக்கப்படும் என்பதே அந்த நம்பிக்கை.

தலைமுறை தலைமுறையாகக் கோடிக்கணக்கான பிள்ளைகள் அழுத்தினர். பலன்?

2018ஆம் ஆண்டுக்கான கணக்கைச் சீன அரசின் நலத்துறையே வெளியிட்டது. சிறுவரும் இளைஞருமாக 100க்கு 53.6 பேருக்குக் கிட்டப்பார்வை. ஆறு வயதுக் குழந்தைகளில் 100க்கு 14.5. தொடக்கப் பள்ளியில் 36. நடுநிலைப் பள்ளியில் 71.6. மேல்நிலைப் பள்ளியிலோ 81! வகுப்பு ஏற ஏற வழுக்கி விழுகிறது பார்வை. படிப்பின் படியில் ஒவ்வொரு படி ஏறுவதற்கும் பார்வையிலிருந்து ஒரு பங்கைக் காணிக்கையாகக் கேட்கிறது பள்ளிக்கூடம். அந்தப் படிகளில் ஏறிய பிள்ளைகள், நாள்தோறும் இரு முறை கண்ணை அழுத்திக் கொள்ளும்படி பணிக்கப்பட்ட பிள்ளைகள்தாம்!

‘பயிற்சி இல்லாதிருந்தால் இன்னும் மோசமாகியிருக்குமே’ என்று வாதாடுவோர் உண்டு. இருக்கலாம் அல்லவா என்று மயங்கவும் மயங்கலாம். அதற்கும் விடை தேடினார்கள், சீனத்து ஆய்வாளர்களே. பெய்ஜிங் நகரப் பிள்ளைகளிடம் ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இது: படிப்பால் கண்ணுக்கு ஏற்படும் அயர்ச்சி இந்தப் பயிற்சியால் ஓரளவு தணிகிறது, கிட்டப்பார்வையைக் குறைப்பதில் குறிப்பிடத்தக்க பயன் ஏதுமில்லை.

எவ்வளவு நேர்மையான தீர்ப்பு! அயர்ச்சி தணிகிறது என்பதை மறைக்கவில்லை. பார்வை காக்கப்படவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆறுதல் தருகிறது, அரண் தரவில்லை. தாலாட்டு குழந்தையை உறங்க வைக்கும். ஆனால் தாலாட்டால் காய்ச்சல் இறங்காது. தாலாட்டைக் குறை சொல்வார் உண்டா? இல்லை. காய்ச்சலுக்குத் தாலாட்டே போதும் என்பவனைத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஏன் பயனில்லை? காரணம் கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. வளர்ந்த மனிதரின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளம். கிட்டப்பார்வை உடைய பெரும்பாலோரின் விழி, இருக்க வேண்டிய அளவை மிஞ்சி நீண்டுவிடுகிறது. நீண்டதும், தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையில் குவியாமல் அதற்கு முன்பே குவிந்துவிடுகிறது. கரும்பலகையின் எழுத்து கலங்குகிறது. ஒரே ஒரு மில்லிமீட்டர் நீண்டாலும் இரண்டரை, மூன்று எண் கொண்ட கண்ணாடி தேவைப்படும். நீண்டுவிட்ட விழியை, புருவத்தின் தோலை அழுத்தியா குறுக்க முடியும்? கூரையைத் தடவிக் கொடுத்தால் சுவரின் நீளம் குறையுமா?

கண்ணாடி போட்டால் தீர்ந்தது, இதற்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! சிறு வயதிலேயே தொடங்கும் கிட்டப்பார்வை ஆண்டுதோறும் ஏறும். மிகுதியாக ஏறிய கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிகிறது, சிலருக்குக் கிழிகிறது, சிலருக்குப் பெயர்ந்தே விடுகிறது. அந்த நிலையில் கண்ணாடி பயன்படாது. ஆறு வயதில் நாம் காட்டும் அலட்சியத்துக்கு அறுபது வயதில் அந்தக் குழந்தை விலை தர நேரலாம்.

அப்படியானால் வழி என்ன? அந்த வழியைக் காட்டியதும் சீன மண்தான்!

குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். முதல் வகுப்புப் பிள்ளைகள் 1,903 பேர். ஆறு பள்ளிகளில் எல்லாம் வழக்கம்போல் நடந்தது. மற்ற ஆறு பள்ளிகளில் ஒரே ஒரு மாற்றம்: ஒவ்வொரு பள்ளி நாளும் 40 நிமிடம் பிள்ளைகளை வெளியே திறந்த வெளிக்கு அழைத்துப் போனார்கள். மருந்தில்லை, மந்திரமில்லை, வெளியே விட்டார்கள், அவ்வளவுதான். 2010இலிருந்து மூன்று ஆண்டுகள் பார்த்தார்கள். முடிவை 2015இல் உலகுக்குச் சொன்னார்கள். வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 100க்கு 39.5 பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30.4. நூற்றுக்கு ஒன்பது குழந்தைகளின் கண்ணை, காசு கேளாத கதிரவன் காத்துக் கொடுத்தான்!

தைவானில் 2010இல், நாள்தோறும் 120 நிமிடம் பிள்ளைகள் வெளியே இருக்கட்டும் என்று பள்ளிகளை ஊக்கும் திட்டம் தொடங்கிற்று. ஆண்டுக்கு ஆண்டு ஏறிக் கொண்டே வந்த கணக்கு அங்கே திரும்பிற்று. பார்வை குன்றிய தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 2011இல் 100க்கு 50 பேர், 2015இல் 46.1. பெரிய வெற்றி என்று முரசு கொட்ட வேண்டாம். ஆனால் ஏறுமுகமாகவே இருந்தது இறங்குமுகம் கண்டது என்பது சிறிய செய்தியா?

காரணமும் ஓரளவு விளங்கியிருக்கிறது. வகுப்பறையின் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ். வெளியே பகல் வெளிச்சமோ பல்லாயிரம் லக்ஸ். மிகுந்த ஒளி பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற பொருள் சுரக்கிறது. அது விழி அளவுமீறி நீளாமல் கட்டுப்படுத்துகிறது என்பது அறிஞர்கள் கருத்து. கதிரவனை உற்றுப் பார்க்கச் சொல்லவில்லை. அது கண்ணைக் கெடுக்கும். மரநிழலில் ஆடினாலும் போதும். அந்த நிழலின் வெளிச்சமே வகுப்பறை வெளிச்சத்தைப் போல் பல மடங்கு. ஆனால் ஒன்று: வெளிச்சம் நோயை வரவிடாமல் தடுப்பதில்தான் வல்லது, வந்துவிட்ட நோயை அது திருப்பி அனுப்புவதில்லை. ஆகவேதான் காலம் தாழ்த்தலாகாது என்கிறோம்.

கண்காப்புப் பயிற்சியில் பிள்ளைகள் அழுத்தும் புள்ளிகளில், நெற்றிப்பொட்டில் இருப்பதன் பெயர் தாய்யாங். சீன மொழியில் அதன் பொருள் என்ன தெரியுமா? சூரியன்! நான்கு சுவருக்குள்ளே, கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியில் இருக்கும் சூரியனை அழுத்திக் கொண்டிருக்கிறது குழந்தை. சன்னலுக்கு வெளியே, விளையாட்டுத் திடலில், உண்மையான சூரியன் ஆளில்லாமல் காய்ந்து கொண்டிருக்கிறான்! பெயரைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்ட கதைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

சீன அரசுக்கு இது தெரியாதா? தெரியும். 2018 ஆகஸ்டில் கல்வித்துறையும் பிற துறைகளும் சேர்ந்து வெளியிட்ட திட்டத்தில் எல்லாம் இருக்கிறது. வெளியே பிள்ளைகள் இருக்கும் நேரத்தைக் கூட்டுக என்கிறது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடமே கூடாது என்கிறது. நோயின் வேர் எங்கே என்பதை அறிந்து எழுதிய ஏடு அது. அதே ஏட்டில்தான், முற்பகல் ஒரு முறை, பிற்பகல் ஒரு முறை கண்காப்புப் பயிற்சியைக் கண்டிப்பாக நடத்துக என்றும் இருக்கிறது!

இதுதான் சடங்கின் வலிமை. ஒரு செயல், பயனுக்காகத் தொடங்குகிறது. பிறகு பழக்கமாகிறது. பிறகு ஒழுங்காகிறது. பிறகு, செய்யாதவன் குற்றவாளி ஆகிறான். கடைசியில், ‘பயன் என்ன?’ என்று கேட்பவனே குற்றவாளி ஆகிவிடுகிறான்! கோவிலும் குருக்களும் இருந்தால்தான் சடங்கு பிறக்கும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். ஒலிபெருக்கியும் கால அட்டவணையும் போதும், சடங்கு பிறந்துவிடும்.

இதை மறுப்போர் மூன்று வாதம் தொடுப்பர். மூன்றையும் பார்ப்போம்.

‘ஐயாயிரம் ஆண்டுப் பழமையாயிற்றே!’ என்பது முதல் வாதம். பழமை எது? கண்காப்புப் பயிற்சி 1963இல் வந்தது; அது வானொலிக்குப் பின் பிறந்த பிள்ளை! புள்ளிகளோ பழையவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பழமையும் கேள்வி கேட்கப்படாத பழமையன்று. அதே புள்ளிகளில் ஊசி குத்தும் மருத்துவத்தைப் பேரரசரின் மருத்துவக் கழகத்திலிருந்தே 1822இல் விலக்கினர். 1929இல் சீன மருத்துவம் முழுவதையுமே ஒழித்துவிடலாம் என்று அரசின் நலத்துறைக் குழுவில் தீர்மானமே வந்தது. ஷாங்காயில் மருத்துவர்கள் திரண்டெழுந்து எதிர்த்ததால் அது நின்றது. ஒழிக்க வந்தவர்கள் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. சீனர்களே தங்கள் மருத்துவத்தைப் பற்றித் தங்களுக்குள் வாதாடி வந்திருக்கின்றனர் என்றே சொல்கிறேன். அவர்கள் கேட்ட கேள்வியை நாம் கேட்டால் மட்டும் அவமதிப்பாகிவிடுமா?

‘செலவில்லையே, தீங்கில்லையே!’ என்பது இரண்டாவது வாதம். காசுச் செலவில்லை, உண்மை. காலச் செலவு? நாளுக்குப் பத்து நிமிடம். ஆண்டுக்குப் பள்ளி நாள் 200 என்று கொண்டால் 2,000 நிமிடம். 33 மணி நேரத்துக்கு மேல்! அதைக்கூட நான் பெரிதாக எண்ணவில்லை. படித்துக் களைத்த பிள்ளை பத்து நிமிடம் கண்ணை மூடி இருக்கட்டுமே! தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும், ‘கண்ணுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்’ என்று ஆசிரியர் அமைதி அடைகிறார், பெற்றோர் அமைதி அடைகின்றனர், அதிகாரி அறிக்கையில் கோடிட்டு அமைதி அடைகிறார். அந்த அமைதிதான் தீங்கு! மீண்டும் புத்தகம் திறக்கிறது. திடலின் கதவு திறப்பதில்லை.

‘ஏழைக்கு எட்டும் வழி இது ஒன்றுதானே!’ என்பது மூன்றாவது வாதம். கேட்க இனிக்கும், எண்ணிப் பார்த்தால் கசக்கும். கான்சு, ஷான்சி ஆகிய மாநிலங்களில் உள்ள 252 பள்ளிகளில், பார்வை குன்றிய நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்து 2014இல் முடிவு வெளியிட்டனர். கண்ணாடி தேவைப்பட்டும் அணிந்திருந்தோர் மிகச் சிலரே. கண்ணாடி அணிந்தால் கண் மேலும் கெடும் என்ற தவறான எண்ணம் அந்தப் பகுதிகளில் பரவிக் கிடந்தது. இலவசமாகக் கண்ணாடி பெற்ற பிள்ளைகள், பெறாதவர்களைவிடக் கணக்குத் தேர்வில் நன்றாக எழுதினர். நகரத்துச் செல்வர் பிள்ளைக்குக் கண்ணாடியும் உண்டு, மருத்துவரும் உண்டு. விரலால் அழுத்துவது அவனுக்குப் பொழுதுபோக்கு. கரும்பலகை தெரியாத ஏழைப் பிள்ளைக்கு ‘நீயும் அழுத்திக்கொள்’ என்று சொல்வது உபசாரமா, உபகாரமா? ஏழைக்கு எட்ட வேண்டியது கண்ணாடி. எட்டியே இருப்பது வெயில். இரண்டையும் தராமல் விரலை மட்டும் காட்டுவது, பசித்தவனுக்குச் சோறு போடாமல் வயிற்றைத் தடவிக் கொடுப்பது போன்றது.

சீனத்துச் செய்தியை இங்கே ஏன் எழுதுகிறாய் என்று கேட்கக் கூடும். கண்ணுக்கு நாடில்லை, இனமில்லை. ஆறு வயதுப் பிள்ளையை அறைக்குள் அடைத்து, புத்தகத்தோடு கட்டிவைத்தால், எந்த ஊரிலும் விழி நீளும். பள்ளி ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் அக்கறை உண்டு. வகுப்பறையின் சாவி எங்கள் கையில்தானே இருக்கிறது!

ஆகவே, என் கோரிக்கை எளியது. அக்குபிரஷர் அழியட்டும் என்று கேட்கவில்லை. களைத்தவர் கண்ணை அழுத்திக்கொள்ளட்டும்; தோள் இறுகியவர் தோளைப் பிசைந்துகொள்ளட்டும்; குமட்டுபவர் மணிக்கட்டை அழுத்திப் பார்க்கட்டும். இதமாக இருந்தால் மகிழ்ச்சி. இதம் தரும் விரலை இதம் என்றே அழைப்போம். அதற்கு மருத்துவம் என்று முடிசூட்டி, நோயின் காரணத்தைச் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டாம். கரும்பலகையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கும் பிள்ளையைக் கண் மருத்துவரிடம் அனுப்புவோம். கண்ணாடி தந்தால் அணியச் சொல்வோம். அணிந்த பிள்ளையை எவரும் கேலி செய்யாதபடி காப்போம். பாடவேளையில் ஒன்றைத் திடலுக்குத் தருவோம்.

தேர்வுக்காகக் கண்ணைக் கெடுத்துவிட்டு, கெட்ட கண்ணுக்காக விரலை வருத்துகிற கல்வி, எந்த நாட்டில் இருந்தாலும் திருத்தப்பட வேண்டிய கல்வியே. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் பட்டுத் துணியில் வரையப்பட்ட அந்த 44 பேரும் ஏட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. உடலை அசைத்துக் கொண்டிருந்தனர். முன்னோர் மீது மெய்யாகவே மதிப்பு இருந்தால், அதையாவது பின்பற்றட்டும். கதவைத் திறந்து, பிள்ளைகளை வெளியே விடட்டும்!